துண்டுக்குள் நீட்டிய கை

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஞாயிறு அன்று செங்கத்திலிருந்து வேன் வரும். வேனில் எழிலின் புருஷன் கோபி வருவான், அவன் மாமன் வருவான், கூடவே ஒரு வெற்றிலைத் தட்டும் வரும். உலக்கையால் ஓங்கி அடித்து எழிலின் இடது மணிக்கட்டை உடைத்தவன், தட்டோடு வந்து "வா வீட்டுக்கு" என்று கூப்பிட்டால் அவள் போய்விட வேண்டும். போன வாரம் பஞ்சாயத்து அப்படித்தான் முடிந்தது. உட்கார்ந்த ஐந்து பேரும் அவரவர் வீட்டில் பெண்டாட்டி மேல் கை நீளுகிறவர்கள். வேறு என்ன தீர்ப்பு வரும்?

எழிலின் அப்பன் சடையன் மட்டும் கடைசியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தான்.

"பேங்குல லோன் வந்துச்சுன்னா இங்கியே இரு. கடையப் போட்டு பொழச்சுக்கோ. வரலியா, வேன்ல ஏறு. சும்மா குந்திக்கினு இருக்கற வாய்க்கு நான் சோறு போட முடியாது."

கடை என்றால் துணி வெளுக்கும் கடை. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்தவர்கள். அழுக்குத் துணியை மட்டும் துறக்க முடியாது. செங்கம் ரோட்டில் ஓர் அறை, இரண்டு வாஷிங் மிஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி. எழில் கணக்காகத்தான் யோசித்திருந்தாள். கழுத்துச் சங்கிலியை விற்று, கடனுக்கான முன்பணத்தையும் பேங்கில் போட்டுவிட்டாள். அந்தப் பணம் இருந்தால்தான் லோன். "பத்து நாளுக்குள்ள எங்க ஆபீசர் உங்க வீட்டைப் பாக்க வருவார்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இன்று எட்டாவது நாள். வியாழக்கிழமை.

காலை ஒன்பதரைக்கு செல் அடித்தது. எழில் கொல்லையில் ஒற்றைக் கையால் துணி அலசிக்கொண்டிருந்தாள். எடுத்தது சடையன்.

"வணக்கம் சார். பேங்க் ஹெட் ஆபீஸ்லேர்ந்து சீனியர் மேனேஜர் பேசறேன் சார்."

ஒரே மூச்சில் இரண்டு 'சார்'. சடையனை ஆயுசில் யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"லோன் விஷயமா சார்?"

"கரெக்ட் சார். லோன் விஷயந்தான்."

"எம்பொண்ணு எழிலு பேர்ல போட்டதுதானே?"

"எழில் மேடம் லோனேதான் சார்."

கிளி ஜோசியக்காரனாவது ஒரு சீட்டை எடுக்கச் சொல்லிக் கிளியை வேலை வாங்குவான். இவனுக்குக் கிளி, சீட்டு இரண்டுமே சடையன்தான்.

"ஏ.டி.எம். கார்டைப் புதுப்பிச்சாத்தான் சார் லோன் பணம் உள்ள ஏறும். இன்னும் ஒரு மணி நேரம்தான் டைம். அப்பறம் கார்டும் லாக், லோனும் கேன்சல்."

கேன்சல் என்ற வார்த்தை கேட்டதும் சடையன் மகன் வளவனைப் பார்த்துக் கையை ஆட்டினான். வளவன் அக்காவின் மஞ்சப் பையிலிருந்து கார்டை எடுத்து, பதினாறு நம்பரையும் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுப் படித்தான்.

"சூப்பர் சார். இப்ப அந்த நாலு நம்பர் மட்டும் சொல்லிடுங்க. மிஷின்ல அழுத்தற ரகசிய நம்பர்."

சடையனுக்கு அது தெரியும். மகளோடு போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். வாயைத் திறந்தான். நம்பர் வெளியே வரவில்லை.

முப்பது வருஷமாக மாட்டுத் தரகு. கார்த்திகைத் தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எந்த விரலைப் பிடிக்கிறான், எத்தனை விரலைப் பிடிக்கிறான், அதுதான் விலை. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி நம்பரைச் சொல்கிறவனை மாடுகூட மதிக்காது. அந்தப் பழக்கம் சடையனின் தொண்டையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

"நம்பர வாயால சொல்ற வழக்கம் நமக்கு இல்ல சார். நேர்ல வாங்க. துண்டுக்குள்ள கை குடுங்க. சொல்றேன்."

 எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் வைத்திருந்தவன் இதற்கும் ஒன்றைத் தேடி எடுத்தான்.

"சரி சார், பன்னெண்டு மணிக்குள்ள நம்ம ஆளை அனுப்பறேன். ஆனா அதுக்குள்ள லாக் ஆயிடுமே சார். நீங்க காதோட காதா இப்பவே..."

ஈரக் கையோடு உள்ளே வந்த எழில் செல்லைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். நாலு வார்த்தை கேட்டாள். அணைத்தாள்.

"இன்னாப்பா சொன்னீங்க அவங்கிட்ட?"

"பேங்க்காரன்தாம்மா. லோனு..."

"கார்டு குடுக்கும்போதே படிச்சுப் படிச்சு சொன்னாங்க. பேங்க்லேர்ந்துன்னு சொல்லிக் கேட்டாக்கூட அந்த நாலு நம்பரச் சொல்லாதன்னு. இவன் திருட்டுப் பையன்ப்பா! இன்னா இன்னா சொன்னீங்க?"

பதினாறு நம்பரும் போய்விட்டது என்று தெரிந்ததும் அவள் நிற்கவில்லை. செல்லைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் தெருமுனை திரும்பினாள். பிறகு, பளார்.

வளவனுக்கு விழுந்த அறை அது. "பதினாறு நம்பரையும் பாட்டாப் பாடிட்டியேடா நாயே!"

"நீதானே படிக்கச் சொன்ன?"

இன்னொன்று விழுந்தது. உதடு கிழிந்தது. "ஊர்ச் சந்தையையே நான் ஏமாத்திக்கினு இருக்கறேன். என்னையே ஒருத்தன் ஏமாத்த வரான்! வரட்டும். ஆள அனுப்பறானாமே, பன்னெண்டு மணிக்கு. வரட்டும்."

வளவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். வாங்கின சரக்கை எவன் தலையிலாவது கட்டினால்தான் வியாபாரிக்குத் தூக்கம் வரும். அவன் போய் மாட்டுக் கொட்டகையிலிருந்து சாட்டைக் கம்பை எடுத்து வந்து கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தான்.

"வேணாங்க. போலீசுக்குச் சொல்லலாம்" என்றாள் சடையன் பெண்டாட்டி பாஞ்சாலை. இருபத்தாறு வருஷமாக அவள் அந்த வீட்டில் சொல்லும் யோசனைகளுக்கு என்ன மரியாதையோ, அதுதான் இதற்கும் கிடைத்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேங்கின் டவுன் கிளையில் எழில் கார்டை நீட்டி நடந்ததைச் சொன்னாள். கவுன்ட்டர் அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"பணம் அப்படியே இருக்கும்மா. நாலு நம்பர் சொல்லாததால தப்பிச்சீங்க. கார்டை முடக்கிட்டேன், புதுசு தரோம்."

எழில் பக்கத்துக் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்து உட்கார இடம் தேடுகிற நேரத்தில் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அடி அண்ணாமலைதானே நீங்க? எங்க ஆபீசர் ஜினதாசன் சார் உங்க வீட்டப் பாக்கத்தான் கெளம்பிப் போனார். வழியில பாக்கலையா?"

எழில் வெளியே ஓடி எதிர்க்கடை பூத்தில் வீட்டு செல்லுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். இந்தத் தடவை லைன் பிஸி, வேறு யாரோ அந்த செல்லுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். "அடி அண்ணாமலை. பறந்து போங்கண்ணா!"

அந்த மணி ஏன் அடித்துக்கொண்டே இருந்தது என்று பார்க்கலாம்.

ஜினதாசன் வண்டியை வாசலில் நிறுத்தியபோது பதினொன்று. நாற்பது வயசு, ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, கையில் ஃபைல். நயினார் வீட்டுப் பிள்ளை. போகிற வழியில் எறும்பு வரிசையைப் பார்த்தால் காலை அகட்டித் தாண்டிப் போகிற ஜைனக் குடும்பம்.

"வணக்கம்ங்க. பேங்க்லேர்ந்து வரேன். எழில் வீடு இதுதானே? பாஸ்புக் கொஞ்சம் பாக்கணும்."

சடையன் சிரித்தான். சொத்தை மாட்டை விற்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு.

"வாங்க சார், வாங்க. உங்களத்தான் பாத்துக்கினு இருக்கோம். குந்துங்க."

ஜினதாசன் கட்டிலில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். "மிஷினுக்குக் கடைக்காரர் என்ன விலை சொல்றார்?"

"நம்பர்தானே சார் வேணும்? சொல்லிட்டா போச்சு." சடையன் தோள் துண்டை உதறினான். "கை குடுங்க."

இங்கேதான் விதி விளையாடியது. வேறு ஊர்க்காரராக இருந்தால் விழித்திருப்பார், கையை இழுத்துக்கொண்டிருப்பார். ஜினதாசன் மாட்டுக் கடன் கொடுத்துக் கொடுத்து வருஷா வருஷம் சந்தை சுற்றியவர்.

"ஓ, தரகர் வீடா!" என்று சந்தோஷமாகச் சிரித்தார். "சரி, நம்ம பேரமும் துண்டுக்குள்ளயே நடக்கட்டும்."

வலது கையை அவரே நீட்டினார்.

துண்டு விழுந்தது. உள்ளே சடையனின் கை அவருடைய சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. முரட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் திருப்புகிற கை அது. ஒரே திருப்பு. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது.

ஜினதாசன் அலறிய அலறலில் கொட்டகை மாடுகள் எழுந்து நின்றன.

"நம்பர் வேணுமாடா உனக்கு? இந்தா ஒண்ணு! இந்தா ரெண்டு!" சடையன் கையை விடாமல் மண்டையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் மோதினான். புருவம் பிளந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து வளவன் வந்தான். காலையில் வாங்கின இரண்டு அறைகளும் சாட்டைக் கம்பு வழியாக ஜினதாசன் முதுகில் இறங்கின. சட்டை கிழிந்தது. மூன்றாவது அடிக்குத் தோலும் கிழிந்தது. அவர் தரையில் உருண்டு, உடைந்த கையை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு சுருண்டார்.

கட்டில் மேல் செல் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஐயோ, இங்க பாருங்க!" பாஞ்சாலை சிதறிக் கிடந்த காகிதங்களிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதுல எழிலு போட்டோ ஒட்டியிருக்குது! இவரு நெசமாவே..."

சடையன் புறங்கையால் அவள் முகத்தில் அடித்தான். "போட்டோ வரைக்கும் திருடிக்கினு வந்திருக்கறான், நீ அவனுக்கு வக்காலத்தா?"

வளவன் நான்காவது அடிக்குக் கம்பை ஓங்கினான். செல் மறுபடி அடித்தது. ஓங்கிய கம்போடு, இடது கையால் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"வணக்கம் சார்! ஹெட் ஆபீஸ்லேர்ந்து. நம்ம ஆள் வர லேட்டாகும் சார், ஆடிட்ல மாட்டிக்கிட்டார். அதனால அந்த நாலு நம்பரை நீங்க வாயாலயே..."

கம்பு அந்தரத்தில் நின்றது.

சடையன் செல்லைப் பார்த்தான். தரையில் கிடந்தவரைப் பார்த்தான். தரையில் கிடந்தவர் வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் வழிந்துகொண்டிருந்தது. செல்லில் பேசியவன் குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது, ஒரே கூட்டமாகக்கூட இருக்க முடியாது என்று அவனுக்கு உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது.

"டேய்!" என்று செல்லுக்குள் கத்தினான். "எங்கடா இருக்கற? உன் கொடல உருவி மாட்டுக் கொட்டாயில தோரணம் கட்டலன்னா பாருடா!"

அந்தப் பக்கம் 'சார்' மறைந்தது. சாவகாசமாக ஒரு சிரிப்பு.

"கத்தாத பெரியவரே. ரத்தக் கொதிப்பு ஜாஸ்தியாவும். எனக்கு இன்னிக்கு இன்னும் நாப்பது பேருக்கு போன் பண்ணணும்."

வைத்துவிட்டான்.

எழிலின் ஆட்டோ வாசலில் வந்து நின்றபோது, அவள் பார்த்தது இதைத்தான்: தரையில் அவளுடைய லோன் விண்ணப்பம், அதன் மேல் ரத்தம், பக்கத்தில் அதைச் சிபாரிசு செய்ய வேண்டியவர். அவள் அழவில்லை. "அதே ஆட்டோவுல ஏத்துங்க" என்றாள். ஜினதாசனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பாஞ்சாலையும் சடையனும் தொற்றிக்கொண்டார்கள். வளவன் பைக்கில் பின்னால் வந்தான்.

அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைக்குக் காத்திருக்கும்போது சடையன் வியாபாரத்தைத் தொடங்கினான்.

"ஐயா, தெரியாம நடந்துபோச்சு. காலுல வேணும்னாலும் விழறேன். வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க. செலவு பூரா நம்மளது."

ஜினதாசன் கண்ணை மூடியபடி பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"பொய் சொல்ற பழக்கம் எங்க வீட்ல இல்லைங்க. வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொன்னா இருப்பேன். அதுவும் உங்களுக்காக இல்ல. டாக்டருக்கு என்ன சொல்றதுன்னு எழில் முடிவு பண்ணட்டும். நான் பாக்க வந்தது அவங்களைத்தான்."

சடையன் மகள் பக்கம் குனிந்தான். குரல் தேன். "கேட்டியாம்மா? ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. விழுந்துட்டாருன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. ஐயா லோன முடிச்சுக் குடுப்பாரு. கோபி வேன நானே வழியில மறிச்சுத் திருப்பி அனுப்பறேன். இன்னா?"

நல்ல பேரம்தான். இரண்டு பக்கமும் லாபம். சந்தையில் இதைவிடச் சுத்தமான பேரம் படியாது.

உள்ளே டாக்டரம்மா விரல்களைத் தொட்டுப் பார்த்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார். முகம் இறுகியது.

"எப்படி ஆச்சு? யாராவது அடிச்சிருந்தா போலீஸுக்கு எழுதணும்."

ஜினதாசன் எழில் பக்கம் திரும்பினார். டாக்டரம்மா நிமிர்ந்து எழிலைப் பார்த்தார். அவள் இடது கை மாவுக்கட்டைப் பார்த்தார்.

"நீ போன மாசம் வந்தவதானே? கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னியே?"

எழில் தலையை ஆட்டினாள். அப்பன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு விரலால் மெல்லக் குத்தினான். சொல்லு.

"வழுக்கி விழலை டாக்டர்" என்றாள். "அது என் புருஷன் உலக்கையால அடிச்சது. இது எங்கப்பா உடைச்சது. முதுகு என் தம்பி. மூணையும் எழுதிக்குங்க."

சடையன் கை ஓங்கியது. ஓங்கிய கையை, ஆஸ்பத்திரி வாசலில் காவல் நின்ற போலீஸ் ஏட்டு பின்னாலிருந்து பிடித்தார். மாடு திருப்புகிற கைக்கும் சர்க்கார் சோறு தின்ற பிடிக்கும் கொஞ்ச நேரம் இழுபறி. சுவரில் முகம் இடிபட்டு, மூக்கில் ரத்தம் வந்தபிறகுதான் சடையன் அடங்கினான்.

விரலுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் ஜினதாசன் எழிலைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டைப் பாத்துட்டு அறிக்கை எழுதத்தான் வந்தேன். நல்லாவே பாத்துட்டேன். இந்தப் பொண்ணு இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு எழுத எங்க பேங்க்ல ஃபாரம் கிடையாது. கடனுக்குத்தான் ஃபாரம் இருக்கு. அதைக் குடுக்கலாம்னு எழுதுவேன். இடது கையால எழுதினாலும் செல்லும்."

எழிலுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"பொறுங்க. ஒரு சிக்கல் இருக்கு. ஜாமீன் போட்டிருக்கறது உங்கப்பா, அவர் வருமானத்தைக் காட்டி. அவர் மேல இப்ப கேஸ். அந்தக் கையெழுத்தை மேனேஜர் ஏத்துக்க மாட்டார். இனி சொத்து உள்ள ஆள்தான் வேணும். சனிக்கிழமை மதியம் பேங்க் மூடறதுக்குள்ள."

சனிக்கிழமைக்கு அடுத்த நாள் ஞாயிறு. எழில் யார் யாரையோ நினைத்துப் பார்த்தாள். உறவில் சொத்துள்ளவர்கள் எல்லாரும் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள்.

ஏட்டின் பிடியில் இருந்தபடியே சடையன் சிரித்தான். மூக்கு ரத்தம் பல்லில் பட்டிருந்தது. "எவன் போடுவான் உனக்கு? வேன்ல ஏறத் துணி மூட்டைய கட்டு, போ."

"நான் போடலாங்களா சார்?"

வீங்கிய கன்னத்தோடு சுவர் ஓரமாக நின்ற பாஞ்சாலைதான் கேட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீடும் கொட்டாயும் என் பேர்லதான் இருக்குது."

உண்மைதான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஏமாந்த மாட்டுக்காரர்கள் நாலு பேர் கோர்ட்டுக்குப் போகப்போகிறோம் என்று மிரட்டினார்கள். "வந்து பாக்கட்டும், எம்பேர்ல ஒரு செங்கல்கூட இல்ல" என்று சடையன் எல்லாவற்றையும் பெண்டாட்டி பேருக்கு மாற்றி எழுதினான். தன் கெட்டிக்காரத்தனங்களிலேயே பெரிய கெட்டிக்காரத்தனம் அதுதான் என்று குடித்தபோதெல்லாம் ஊருக்குச் சொல்லுவான். பெண்டாட்டிக்கு ஒரு கையும் அந்தக் கைக்கு ஒரு கையெழுத்தும் இருக்கிறது என்பதை மட்டும் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

"பாஞ்சால! போட்டுப் பாருடி! போட்ட கைய வெட்டி மாட்டுக்குப் போடறேன்!"

"இதையும் எழுதிக்கவா?" என்று ஏட்டு பேனாவைத் திறந்தார்.

பாஞ்சாலை புருஷனைப் பார்க்கவில்லை. "பத்திரம் வேணுங்களா சார்?"

"கண்டிப்பா வேணும்மா. அசல் பத்திரம்."

"அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கறேன். வா எழிலு, இப்பவே போய் எடுத்தாந்துடலாம்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழில் வெளியே வந்தாள். ஆட்டோவைத் தேடிக் கண்ணை ஓட்டியவள் அப்படியே நின்றாள்.

வேப்ப மரத்தடியில் வளவன் நிறுத்தியிருந்த பைக் இல்லை.

பெட்டிக்கடைக்காரரிடம் ஓடிக் கேட்டாள். அவர் வாழைப்பழத் தாரை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளைச் சட்டை தம்பியா? ஜன்னல் ஓரமா நின்னு உள்ள பேசறதக் கேட்டுக்கினே இருந்துச்சு. இப்பத்தான், ஒரு நிமிஷங்கூட இருக்காது, அடி அண்ணாமலைப் பக்கமா வண்டிய முறுக்கிக்கினு போச்சு. ஒரு தீப்பெட்டி வாங்கிக்கினு."